வரி வரவு: ‘டேக்ஸ் கிரெடிட்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

மும்பையில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி அடிபடும் சொல் ‘டேக்ஸ் கிரெடிட்’. வங்கியில் கடன் போட்டுத் தருபவர் சொல்வார், புரோக்கர் சொல்வார், அமெரிக்காவில் வீடு வாங்கிய தம்பி போனில் சொல்வான். மூன்று பேரும் ஒன்றையே சொல்வதாக நினைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் கணக்கில் லட்சக்கணக்கில் துண்டு விழும்.

லத்தீனில் ‘கிரெடெரே’ என்றால் நம்புதல். நம்பி ஒப்படைத்த பொருளுக்கு ‘கிரெடிட்டும்’ என்று பெயர். இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அது இரண்டு பொருளையும் சுமந்துகொண்டு போனது. நம்பிக் கொடுத்த கடனும் கிரெடிட்தான், கணக்கில் நம் பேரில் சேரும் தொகையும் கிரெடிட்தான். (நம்பிக்கையும் பணமும் ஒரே சொல்லில் கூடுவது நமக்கும் புதிதல்ல, ‘நாணயம்’ அப்படிப்பட்ட சொல்.) ஆனால் இந்த இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு: ஒன்று கடன், மற்றது வரவு. கிரெடிட் கார்டு கடன் அட்டை; பாஸ்புக்கில் சம்பளம் ஏறினால் வரவு.

டேக்ஸ் கிரெடிட் இரண்டாவது வகை. நாம் கட்டவேண்டிய வரியில் இவ்வளவு கட்டியாகிவிட்டது என்று அரசு நம் பேரில் வரவு வைத்துக்கொள்ளும் தொகை. அதனால் ‘வரி வரவு’ என்பதே பொருத்தம். ஜிஎஸ்டி வந்தபிறகு, வியாபாரி சரக்கு வாங்கும்போது கட்டிய வரிக்குக் கிடைக்கும் இன்புட் டேக்ஸ் கிரெடிட்டை ‘உள்ளீட்டு வரி வரவு’ என்று தமிழில் பலரும் எழுதுகிறார்கள், அந்த வழக்கோடும் இது ஒத்துப்போகும். ‘வரிக்கடன்’ என்று எழுதுவதை விட்டுவிட வேண்டும். படிப்பவர் வரி பாக்கி என்று நினைப்பார். ‘வரிச்சலுகை’ தவறில்லை, ஆனால் அது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.

குழப்பம் அதிகம் நடப்பது வரிக்கழிவோடு. வீட்டுக்கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்பது வரிக்கழிவு. அது வருமானத்தில் கழிகிறது, வரியில் அல்ல. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அந்த 2 லட்சத்தால் மிச்சமாவது 40,000 ரூபாயும் அதன்மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும்தான். அதே 2 லட்சம் வரி வரவாக இருந்தால் முழு 2 லட்சமும் வரியிலிருந்தே குறையும். இன்னொன்று, அந்த வட்டிக் கழிவு பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். புதிய முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. வங்கியில் ‘டேக்ஸ் கிரெடிட் உண்டு சார்’ என்று யாராவது சொன்னால், எந்த வரிமுறையில் என்று கேட்டுவிடுங்கள்.

தம்பி சொல்வதில் நிஜமான வரி வரவும் உண்டு. அமெரிக்காவில் வீட்டுச் சந்தை சரிந்தபோது, 2008-இல் முதல் வீடு வாங்குவோருக்கு 7,500 டாலர் வரை கொடுத்தார்கள். அதைப் 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. பெயர் டேக்ஸ் கிரெடிட், தன்மையோ வட்டியில்லாக் கடன். 2009-இல் அதை 8,000 டாலராக உயர்த்தினார்கள். மூன்று ஆண்டு அந்த வீட்டிலேயே குடியிருந்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒருவர் கட்டவேண்டிய வரி 3,000 டாலர்தான் என்றால் மீதி 5,000 அவர் கைக்கே வந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. தமிழில் எழுதும்போது முன்னதை வரவு போலத் தந்த கடன் என்றும், பின்னதைத் திரும்பப் பெறத்தக்க வரி வரவு என்றும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

அது சந்தையை என்ன செய்தது? 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். கெடுவுக்கு முன் விற்பனை ஏறியது. அந்த ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிடச் சுமார் 27 சதவீதம் விழுந்தது. அடுத்த வருஷம் வாங்கவிருந்தவர்களில் பலர் இந்த வருஷமே வாங்கி முடித்திருந்தார்கள்.

மும்பையில் இதன் நெருங்கிய உறவைப் பார்த்தோம். அது வரி வரவு அல்ல, முத்திரைத் தீர்வைக் (ஸ்டாம்ப் டியூட்டி) குறைப்பு. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 5 சதவீதத் தீர்வையை மகாராஷ்டிர அரசு 2 சதவீதமாக்கியது. அடுத்த மூன்று மாதம் 3 சதவீதம். ஆகஸ்டில் 2,600 சொச்சமாக இருந்த மும்பைப் பத்திரப் பதிவுகள் டிசம்பரில் 19,500-ஐத் தாண்டின. ஊரடங்கு தளர்ந்ததும் கடன் வட்டி குறைந்ததும் சேர்ந்துதான் அந்தக் கூட்டம், ஆனால் டிசம்பரில் அப்படிக் குவிந்ததற்குக் கெடுதான் காரணம்.

அப்போது செம்பூரில் வாடகைக்கு இருந்த என் சித்தி மகன் முலுண்டில் 80 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்தான். தீர்வையில் 2,40,000 ரூபாய் மிச்சம். சித்தப்பா விலையில் ஒரு லட்சமாவது குறைக்கச் சொன்னார். புரோக்கர் நம்ம ஊர்க்காரர்தான். “அதான் அரசாங்கமே ரெண்டரை லட்சம் கிட்ட விட்டுக் கொடுத்துடுச்சே சித்தப்பா, அப்புறம் ஓனர்கிட்ட நான் எந்த முகத்தோட குறைக்கச் சொல்றது?” என்றார். ஓனர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

வாங்குபவருக்குத் தந்த சலுகை விற்பவர் பக்கம் நழுவுவது இப்படித்தான். புது வீடு சீக்கிரம் எழும்பும் ஊரில் சலுகையின் பெரும்பகுதி வாங்குபவரிடமே தங்கும். மும்பை மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊர், காலி மனை அரிது, பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவும் வருஷக்கணக்கில் அனுமதி வேண்டும். இங்கே ஆள் கூடும், வீடு கூடாது, விலைதான் நகரும். வாடகையில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்றால் வீட்டின் எண்ணிக்கையைக் கூட்டாமல் வரியை மட்டும் குறைப்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. 2019-இல் வந்து, 2022 மார்ச் வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும் இருந்த கூடுதல் 1.5 லட்சம் வட்டிக் கழிவுக்கு, வீட்டின் முத்திரை மதிப்பு (தீர்வைக்காக அரசு கணக்கிடும் மதிப்பு) 45 லட்சத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பு. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அந்த விலையில் குடும்பம் இருக்க வீடு ஏது? அந்தச் சலுகை தேடியவர்கள் பத்லாப்பூர், நாலாசோப்ரா என்று ரயில் பாதையோடு வெளியேதான் போனார்கள்.

சரி, இங்கே வீடு வாங்குவதில் வரி வரவு என்பதே கிடையாதா? உண்டு, விற்பவருக்கு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்து விற்பவர் பேரில் அரசுக்குக் கட்ட வேண்டும். நம் பேரில் கட்டிய வரிகளை வருமான வரித்துறை பட்டியலிடும், 26ஏஎஸ் என்று நாம் பழகிய படிவத்தில் அது விற்பவருக்கு வரவாக ஏறும். மும்பை விலைக்குப் பெரும்பாலான வீடுகள் இதில் வந்துவிடும். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள், விற்பவரின் பான் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக் கட்டிவிடுங்கள். எண் மாறினால் வரவு வேறு யார் கணக்கிலோ போய் உட்காரும், தாமதமானால் வட்டியும் கட்டணமும் வாங்கியவர் தலையில்.