ஒரே போர், ஆளுக்கொரு திரை

‘பியாண்ட் ஆல் ரீசன்’ இலவசமாகக் கிடைக்கும் ஒரு போர் வியூக விளையாட்டு. எட்டுக்கு எட்டு என்று 16 பேர் ஒரே வரைபடத்தில் மோதிக்கொள்வது இதில் சாதாரணம். இங்கே முறை வைத்து ஆடுவதெல்லாம் கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் தொழிற்சாலை கட்டுகிறார்கள், படை திரட்டுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். அந்த 16 பேரின் திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவர்கள் ஆடுவது ஒரே ஆட்டம்தானா என்று சந்தேகம் வரும். ஒருவர் திரையில் எதிரிகள் அத்தனை பேரும் ஒரே நிறம். இன்னொருவருக்கு ஒவ்வொரு பீரங்கியைச் சுற்றியும் அது சுடும் தூரம் வட்டமாகத் தெரிகிறது. மூன்றாமவர் பொத்தான்களையே இடம் மாற்றி வைத்திருக்கிறார். ஆனால் குண்டு விழும் இடம் மட்டும் 16 கணினிகளிலும் இம்மி பிசகாமல் ஒன்றே.

இந்தச் சுதந்திரம் எங்கிருந்து வருகிறது? இந்த வகை விளையாட்டுகள் இணையத்தில் எதை அனுப்புகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது. களத்தில் 1,000 யூனிட்டுகள், அதாவது பீரங்கி, ரோபோ போன்ற படை உறுப்புகள், இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் இடம், திசை, மிச்சமிருக்கும் பலம் எல்லாவற்றையும் 10 பைட்டுக்குள் அடக்கினாலும், நொடிக்கு 30 முறை அனுப்பினால் 3,00,000 பைட் ஆகிவிடும். 1997-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ வந்த காலத்து 28.8 கிலோபிட் மோடமோ நொடிக்கு 3,600 பைட்தான் கடத்தும். அதனால் அதை உருவாக்கியவர்கள் படையை அனுப்பவே இல்லை. கட்டளைகளை மட்டும் அனுப்பினார்கள். கடிதம் வழியாகச் செஸ் ஆடுகிறவர்கள் பலகையை அனுப்புவதில்லையே. ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு, நகர்த்தலை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அதே ஏற்பாடுதான் இது. ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தானே தனியாகக் கணக்கிட்டுக்கொள்கிறது.

இதற்கு ஒரு கடுமையான நிபந்தனை உண்டு: எல்லாக் கணினிகளும் கடைசி தசம இடம் வரை ஒரே விடைக்கு வர வேண்டும். குண்டு எங்கே சிதறும் என்ற குலுக்கல்கூட எல்லோரிடமும் ஒரே எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். கணினியின் பிராசசருக்குப் பிராசசர், நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குக் கம்பைலர் தசமக் கணக்கை முழுமையாக்கும் விதம் சற்றே மாறலாம் என்பதால், இந்த விளையாட்டை அடியில் இருந்து இயக்கும் மென்பொருளுக்கு (எஞ்சின்) மூலமான ‘ஸ்பிரிங்’ அதற்கென்றே ‘ஸ்ட்ரெஃப்ளாப்’ என்ற தனிக் கணித நிரல்தொகுப்பை வைத்துக்கொண்டது. நடுநடுவே கணினிகள் தங்கள் நிலவரத்தின் சுருக்க எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எண் மாறினால் ஒருவருடைய போர் மற்றவர்களுடையதிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள்.

ஆகவே எஞ்சினுக்குள் ஒரு கறாரான கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டிய உலகம். இந்தப் பக்கம் பொத்தான், வண்ணம், எழுத்து, மினிமேப் (முழுக் களத்தையும் காட்டும் சிறு வரைபடம்), ஒலி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு வழிதான்: கட்டளை. அதுவும் நேராக உள்ளே போகாது; நெட்வொர்க் வழியாக எல்லோரிடமும் போய், எல்லாக் கணினிகளிலும் ஒரே கணத்தில் நடைமுறைக்கு வரும். எனவே உங்கள் திரையை எப்படிக் கலைத்துப் போட்டாலும் போர் பிரியாது.

1997-இல் வந்த ‘டோட்டல் அன்னிஹிலேஷ’னை முப்பரிமாணத்தில் மறுபடி ஆட ஆசைப்பட்ட ரசிகர்கள் 2005-இல் வெளியிட்டதுதான் ஸ்பிரிங் எஞ்சின். இப்போது பியாண்ட் ஆல் ரீசன் ஓடுவது அதிலிருந்து பிரிந்த ‘ரீகாயி’லில். இரண்டிலும் கோட்டின் இந்தப் பக்கம் பெரும்பாலும் லூவா என்ற சிறிய நிரல்மொழியில் எழுதப்பட்ட விட்ஜெட்டுகள் எனும் குட்டி நிரல்களால் ஆனது. திரையின் மேலே தெரியும் உலோகக் கையிருப்புக் கணக்கு ஒரு விட்ஜெட், கட்டட மெனு இன்னொரு விட்ஜெட். ஆட்டத்தில் எஃப்11 அழுத்தினால் பட்டியல் வரும், வேண்டாததை அணைக்கலாம். நீங்களே எழுதியதையும் அதற்கான கோப்புறையில் போட்டுவிட்டால் போதும், பட்டியலில் சேர்ந்துகொள்ளும்.

விட்ஜெட் என்பது தானாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அல்ல. ஏதாவது நடந்தால் எஞ்சின் அதைக் கூப்பிடும். ஒரு யூனிட் வேலை முடிந்து சும்மா நின்றால் ‘யூனிட்ஐடில்’, திரை வரையும்போது ‘டிராஸ்கிரீன்’, விசை அழுத்தினால் ‘கீபிரஸ்’ என்று கூப்பிடும் பெயர்கள் உண்டு. சும்மா நிற்கும் கட்டுமான ரோபோ மேல் மஞ்சள் குறி போட வேண்டுமா? முதல் அழைப்பில் அந்த யூனிட்டின் எண்ணைக் குறித்துக்கொள், இரண்டாவதில் வரை. அவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. எழுதியது தப்பாகிப் பாதியில் முறிந்தால், விட்ஜெட்டுகளை மேய்க்கும் நிரல் பிழையைப் பதிவுசெய்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் தூக்கிப்போடும், ஆட்டம் நிற்காது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கு எண்ணும் உண்டு. மவுஸ் கிளிக் மேலடுக்குக்கு முதலில் போகும்; வரைவதோ கீழடுக்கிலிருந்து தொடங்கும். பார்வைக்கு மேலே இருப்பது கிளிக்கையும் முதலில் வாங்கும்படி இப்படி எதிரெதிர் வரிசை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முழுப் போரையும் உங்கள் கணினியே கணக்கிடுகிறது என்றால், எதிரியின் படை எங்கே நிற்கிறது என்று அதற்கு எப்போதுமே தெரியும்! மூடுபனி போலத் தெரியும் அந்த இருட்டு, தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதுதான். விட்ஜெட் ஒரு யூனிட்டின் இடத்தைக் கேட்டால், அது உங்கள் அணியின் பார்வையில் இருக்கிறதா என்று எஞ்சின் முதலில் பார்க்கிறது. இல்லையென்றால் வெறுங்கைதான். ரேடாரில் மட்டும் பட்டிருந்தால், இடத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளிச் சொல்லும். ஆனால் எஞ்சினையே திருத்திக்கொண்டு வருகிறவரை இது தடுக்காது. சுருக்க எண் ஒப்பீடும் அவரைப் பிடிக்காது, ஏனென்றால் எட்டிப் பார்ப்பதால் உலகத்தில் எதுவும் மாறுவதில்லை. இந்த முறையில் ஓடும் எல்லா விளையாட்டுகளுக்கும் உள்ள பலவீனம் இது.

சரி, விட்ஜெட்டால் பார்வையை மாற்றலாம், கையையும் மாற்றலாமா? எனக்குப் பிடித்த உதாரணம், வலது பொத்தானை அழுத்தியபடி தரையில் ஒரு கோடு இழுத்தால் படை அந்தக் கோட்டின் நீளத்துக்குப் பரவி நிற்கும் வசதி. பார்க்க எளிது. எந்த யூனிட் எந்த இடத்துக்கு என்பதுதான் கஷ்டம். 10 யூனிட்டுகளை 10 இடங்களில் 36,28,800 விதமாக நிறுத்தலாம். 20 என்றால் அது 19 இலக்க எண். கண்டபடி ஒதுக்கினால் இடக்கோடியில் நிற்பது வலக்கோடிக்கு ஓடும், ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும், அதற்குள் எதிரி சுட்டுத் தள்ளிவிடுவான்.

இதற்கு அந்த விட்ஜெட் பயன்படுத்துவது ஹங்கேரியன் அல்காரிதம். ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1955-இல் வெளியிட்டது. கோனிக், எகெர்வாரி என்ற இரு ஹங்கேரியர்களின் முந்தைய வேலையை அடிப்படையாகக் கொண்டதால் அந்தப் பெயர். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் கணக்குக்காக உருவானது, இங்கே ரோபோக்களை வரிசையில் நிறுத்துகிறது. மொத்த நடை மிகக் குறைவாக இருக்கும் ஒதுக்கீட்டைக் கண்டுபிடிக்க இதற்கு ஆகும் உழைப்பு எண்ணிக்கையின் முப்படி (20 × 20 × 20 போல) அளவில்தான்: 20 யூனிட்டுக்கு 8,000-இன் சில மடங்கு. அதே 200 யூனிட் என்றால் 80 லட்சத்தின் மடங்குகள். படம் ஒரு கணம் உறைந்துவிடும். அதனால் கூட்டம் பெரிதானால் விட்ஜெட் வேறு உத்திக்கு மாறுகிறது: எந்த இரண்டு பாதைகளும் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது, அது போதும். இதில் நல்ல வடிவியல் இருக்கிறது. வெட்டிக்கொள்ளும் இரு பாதைகளும் ஒரு நாற்கரத்தின் மூலைவிட்டங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டின் கூட்டுத்தொகை மூலைவிட்டங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு. ஆக, வெட்டும் இடத்திலெல்லாம் இருவரின் இலக்கையும் மாற்றிவிட்டால் மொத்த நடை குறைந்துகொண்டே வரும். மிகச் சிறந்த விடை கிடைக்காமல் போகலாம், ஆனால் முட்டல் மோதல் இல்லை.

கோடு இழுத்தது நீங்கள், 40 கட்டளைகளைப் பிரித்துக்கொடுத்தது நிரல். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. ஆனால் எதிரியின் குண்டு வரும்போது தானே விலகிக்கொள்ளும்படி ஒரு விட்ஜெட் எழுதினால்? 1998-இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஒரு நேரத்தில் 12 யூனிட்டுக்கு மேல் தேர்ந்தெடுக்கவே விடாது. 2017-இல் புதுப்பித்து வெளியிட்டபோது விசைகளை மாற்றிக்கொள்ள அனுமதித்தார்கள், அந்த 12-ஐத் தொடவில்லை; கைவேகம் அங்கே ஆட்டத்தின் ஒரு பகுதி. மறுகோடியில், ஸ்பிரிங் குடும்பத்தையே சேர்ந்த ‘ஜீரோ-கே’ யூனிட்டுகளுக்கு விலகி ஓடவும், தூரம் காத்துச் சுடவும் தானே தெரியும்படி செய்துவிட்டது. எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டால் நியாயக் குறைவு இல்லை என்ற இந்த வழி எனக்கு நேர்மையாகத் தோன்றுகிறது. பியாண்ட் ஆல் ரீசன் நடுவில் நிற்கிறது: சொந்த விட்ஜெட்டுகளை அனுமதிப்பதா வேண்டாமா என்று ஆட்டம் நடத்துகிறவரே அமைத்துக்கொள்ளலாம்.

விட்ஜெட் எழுதாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: விசைப்பலகை. ‘ஸ்டார்கிராஃப்ட் 2’-இன் கட்டளைப் பலகையில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பொத்தான். அதன் ‘கிரிட்’ அமைப்பில் அவை விசைப்பலகையின் இடப்பக்க மூன்று வரிசைகளில் அப்படியே உட்கார்ந்துகொள்கின்றன. எந்த யூனிட்டுக்கு எந்த எழுத்து என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பொத்தான் எங்கே தெரிகிறதோ விரல் அங்கே போகும். மவுஸுக்கு வேறு விதி. இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தே கை போய்ச் சேரும் நேரம் அமையும் என்று பால் ஃபிட்ஸ் 1954-இல் காட்டினார். திரையின் மூலையைத் தாண்டி அம்புக்குறி போகாது என்பதால் அங்கே வைத்த மினிமேப்பை எவ்வளவு வேகமாக இழுத்தாலும் தவறவிட மாட்டோம். அதை நடுவில் கொண்டுவந்து வைக்கிறவர்கள் இதையும் யோசித்துக்கொள்ளலாம்.

அப்புறம், முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் ரீப்ளே கோப்பு. அதில் படம் எதுவும் இல்லை. தொடக்க நிலையும், யார் எப்போது என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதும்தான். திறந்தால் உங்கள் கணினி போரை முதலிலிருந்து மறுபடி கணக்கிடுகிறது. அதனால் அதே எஞ்சின் பதிப்பும் அதே விளையாட்டுப் பதிப்பும் வேண்டும், ஆனால் அதே விட்ஜெட்டுகள் வேண்டியதில்லை. வேறு யாரோ ஆடிய போரை, இருட்டை விலக்கிவிட்டு, அவர் கண்ணில் படாத சுடுதூர வட்டங்களோடு, உங்கள் வண்ணங்களில் பார்க்கலாம்.