நம்பிக்கையான ஆள்தான் சார், பயிற்சி எதற்கு?

போன மாதம் ஒரு பள்ளியில் தணிக்கைக்கு உட்கார்ந்திருந்தேன். ரொக்கப் புத்தகத்தைப் புரட்டினால், நான்கு வருடமாக ஒரு நாள்கூடப் பணம் குறையவில்லை, கூடவும் இல்லை. மற்றவர்களுக்கு இது நல்ல செய்தி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கட்டணம் கட்ட வரிசை நிற்கும் கவுன்டரில் மனிதக் கை எண்ணும் பணம், என்றைக்காவது சில்லறை முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

கவுன்டரில் இருந்த அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர பென்சில் டப்பாவை எடுத்து வைத்தார். சாயங்காலம் பணம் கூடினால் அதற்குள் போடுவாராம். குறைந்தால் அதிலிருந்து எடுத்துச் சரிக்கட்டுவாராம். டப்பாவில் இல்லாத நாளில் சொந்தக் கைப்பையிலிருந்து. அவர் கைக்காசு எவ்வளவு போயிருக்கிறது என்று மடித்த துண்டுச்சீட்டில் தேதிவாரியாகக் கணக்கு வேறு.

"குறையுதுன்னு எழுதினா நான் எடுத்துட்டேன்னு நினைப்பாங்களே சார்."

திருட்டு இல்லை. ஆனால் புத்தகத்தில் ஏறாத ரொக்கம் மேசைக்குள் இருக்கிறது. அவரைப் பிடிக்காத ஒருவர் அந்த டப்பாவை முதலில் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குறைவையும் கூடுதலையும் அன்றன்றே எழுத ஒரு தனித் தலைப்பு உண்டு, எழுதி மேலே ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். அரை மணி நேரப் பாடம். அதை அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. நூலக உதவியாளராக வந்தவர். பழைய கிளார்க் ஓய்வு பெற்றபோது "கொஞ்ச நாள் பார்த்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் ஓடுகிறது.

நிர்வாகத்திடம் போய்ப் பயிற்சி கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். எங்கே போனாலும் வரும் அதே பதில்: "நம்பிக்கையான ஆள்தான் சார், பயிற்சி எதற்கு?"

ஐயா, நம்பிக்கை குணத்தைப் பற்றியது, பயிற்சி வேலையைப் பற்றியது. டிரைவர் நல்லவர் என்பதற்காக ஓட்டத் தெரியாதவரிடம் பள்ளி வண்டியைக் கொடுப்பீர்களா? இன்னொன்றும் இருக்கிறது. டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர், கையாடல் செய்து சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் அத்தனை பேரும் நம்பி பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்கள். நம்பாத ஆளிடம் யார் பணப்பெட்டியைக் கொடுப்பார்கள்? வெளியே சொல்ல முடியாத நெருக்கடி, எடுக்க ஒரு வாய்ப்பு, "அப்புறம் வைத்துவிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். அவர் கண்டது இந்த மூன்றையும்தான். முதலும் கடைசியும் அவரவர் மனதுக்குள் இருப்பவை. வாய்ப்பு மட்டும் உங்கள் கையில். பணம் வாங்குபவரே புத்தகத்திலும் எழுதி, வங்கிக் கணக்கோடும் அவரே ஒத்துப்பார்த்தால் வாய்ப்பைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறீர்கள். தவறு செய்யாதவருக்கும் அதில் ஆபத்துதான்: நாளை ஒரு சந்தேகம் வந்தால், தான் எடுக்கவில்லை என்று நிரூபிக்க அவரிடம் ஒன்றுமே இருக்காது.

அலுவலகத்தில் இரண்டே பேர்தான் என்பார்கள். சரி, வங்கி அறிக்கை முதலில் தலைமையாசிரியர் கைக்குப் போகட்டும். மாதம் ஒரு முறை பத்து ரசீது அடிக்கட்டைகளை எடுத்து அந்த அறிக்கையோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்குப் பார்ப்பவர் வருடத்தில் ஒரு வாரமாவது விடுப்பில் போகட்டும், அந்த வாரம் அவர் வேலையை இன்னொருவர் செய்யட்டும், மறைத்தது ஏதாவது இருந்தால் அப்போது தெரிந்துவிடும். பல வருடம் விடுப்பே எடுக்காதவரைப் பாராட்டி மாலை போடுகிறீர்கள், நாங்கள் அந்த மேசையைத்தான் முதலில் திறப்போம்.

"சாஃப்ட்வேர் வாங்கிவிட்டோம்" என்பது அடுத்த பதில். ஒவ்வொரு கணக்கையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதுவது இரட்டைப் பதிவு முறை. இத்தாலியத் துறவி லூகா பாச்சோலி 1494இல் அச்சில் விளக்கிய அதே முறைதான் அந்த சாஃப்ட்வேருக்குள்ளும் ஓடுகிறது. பற்று எது, வரவு எது என்று தெரியாதவர் அதில் தவறையும் வேகமாகத்தான் செய்வார். அடுத்த வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கி இந்த வருட வருமானமாக ஏற்றுவார், மாணவர் கட்டிய வைப்புத்தொகையையும் வருமானமாக்குவார். திருப்பித் தர வேண்டிய பணத்தை நம் பணம் என்று நினைத்து நிர்வாகம் புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும். பள்ளிக்கு இருப்பதையும் பள்ளி தர வேண்டியதையும் காட்டும் ஐந்தொகையில், அது பொறுப்பு பக்கம், அதாவது தர வேண்டிய பக்கம், உட்கார வேண்டிய தொகை. திரை அழகாகத்தான் இருக்கும்.

என்னிடம் பழக வருபவர்களுக்கு முதல் மாதம் கணினியே கிடையாது. கையால் ரொக்கப் புத்தகம், பேரேடு, வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல். இரு பக்கமும் ஒட்டாமல் வரும் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்வேன்: 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. இதைக் கண்டுபிடித்த அன்று ஒரு பெண் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவளுக்கு அன்றுதான் இந்த வேலை பிடித்தது.

அப்புறம், மின்னஞ்சல். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புது எண்ணுக்கு அனுப்பவும்" என்று சப்ளையர் பெயரில் கடிதம் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். அந்தக் கடிதத்திலிருக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள், பழைய பில்லில் இருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். தலைமையாசிரியர் பெயரில் அவசரம் என்று வந்தாலும் எழுந்து போய் நேரில் கேளுங்கள். தலைமையாசிரியர்களே, கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வேலையில் இருக்கும் பிள்ளைகளிடம் தனியாக ஒரு வேண்டுகோள். "வெறும் ஆபீஸ் வேலை" என்று நீங்களே சொல்லாதீர்கள். பள்ளிக் கணக்கு, நிர்வாகம் பார்ப்பவர்களுக்கென்று அமெரிக்காவில் 1910லேயே சங்கம் தொடங்கிவிட்டார்கள், இன்று அது ஆஸ்போ இன்டர்நேஷனல். கவுன்டரில் தொடங்கி கணக்காளர், நிதி அலுவலர், நிர்வாக மேலாளர் என்று ஏற வழி இருக்கிறது. சம்பளம், வரவுசெலவுத் திட்டம், கொள்முதல், மாணவர் பதிவேடு என்று வருடத்துக்கு ஒன்றாவது முறையாகக் கற்றுச் சான்றிதழ் வாங்குங்கள். செலவை நிர்வாகத்திடம் கேளுங்கள், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அன்று மாலை தலைமையாசிரியரையும் கூப்பிட்டு, மூவருமாக டப்பாவில் இருந்ததை எண்ணினோம். கூடுதல் ரொக்கம் என்று ரசீது போட்டோம். அந்த அம்மாவின் கைக்காசு எவ்வளவு என்று துண்டுச்சீட்டை இணைத்து நிர்வாகத்துக்குத் தனிக் குறிப்பு எழுதினேன். கிளம்பும்போது "டப்பாவை என்ன சார் பண்றது?" என்றார்.

பென்சில் போட்டு வையுங்கள் என்றேன்.