தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் முக்கோணம்

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்ககம். அதன் சங்கச் செயலாளர் அவர். 2024 மார்ச்சில் பெங்களூரே டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது இவர்கள் இரண்டாவது போர்வெல் போட்டார்கள். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, அது எழுந்து நிற்கும் இடத்தைக் காட்டுபவர் காட்டிய இடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து 1,100 அடி இறங்கியது. வந்ததெல்லாம் புழுதி.

மூன்றாவது போருக்கு முன்னால் கொஞ்சம் யோசித்து, நிலத்தடி நீர் ஆலோசகர் ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். அவர் கொடுத்த அறிக்கையில் ஒரு வரைபடம். அதைப் பார்த்துத்தான் கேள்வி: "ஊரையே முக்கோணம் முக்கோணமாக வெட்டிப் போட்டிருக்கிறார் சார். போர் பக்கத்தில் கடுகு கடுகாக இருக்கிறது, தள்ளிப் போனால் தோசை தோசையாக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டினால் என்ன? இதற்கா இவ்வளவு காசு?"

படத்தையும் அனுப்பியிருக்கிறார். அதை அச்சிட்டு இரண்டு நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிப்படை பள்ளிப் பாடம்தான். 1856இல் டிஜோன் நகரத்துப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டுப் பார்த்துச் சொன்ன விதி: நீர்மட்ட வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, ஓட்டமும் அவ்வளவு அதிகம். மணல் ஒரே மாதிரி இருந்தால் கணக்கு ஒரு வரியில் முடியும். பெங்களூருக்கு அடியில் அப்படி இல்லை. மேலே சிதைந்த பாறை, அது பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைக்கும். கீழே 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய நைஸ் பாறை. அதில் வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. நடுவில் ஏரி, ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாய், ஆயிரக்கணக்கான போர்கள். இதற்கெல்லாம் ஒரே சமன்பாடு எழுதித் தீர்க்க முடியாது. அதனால் நிலத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் டார்சியை எழுதி, எல்லாவற்றையும் கணினியிடம் சேர்த்துத் தீர்க்கச் சொல்கிறோம். அந்தத் துண்டுகளின் வலைக்குத்தான் மெஷ் என்று பெயர்.

சதுரமாகவும் வெட்டலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984இல் வெளியிட்ட மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருள் அப்படித்தான் செய்தது. வளைந்து போகும் கால்வாய் சதுரத்தில் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும் என்பதால், ஃபீஃப்ளோ போன்ற மென்பொருள்கள் முக்கோணத்துக்குப் போயின. முக்கோணம் எந்தக் கரையோடும் ஒட்டிக்கொள்ளும்.

சரி, இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் நீர்மட்டம் என்னவென்று கணினி கணக்கிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குக் கவலையில்லை; மூன்று முனைகளை இணைக்கும் சமதளம் என்று எடுத்துக்கொள்கிறது. இப்படி எடுத்துக்கொண்டு கணக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒரு அழகான விஷயம் தெரியும். முக்கோணமே காணாமல் போய்விடுகிறது. அதன் இடத்தில் மூன்று பக்கங்களும் மூன்று குழாய்களாக நிற்கின்றன. ஒவ்வொரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாய் எவ்வளவு பருமன் என்பது பக்கத்தின் நீளத்தைப் பொறுத்ததல்ல. அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்தது. துல்லியமாகச் சொன்னால், எதிர்க்கோணத்தின் கோடேன்ஜென்ட்டில் பாதியை அந்தப் பாறை அடுக்கு நீரைக் கடத்தும் திறனோடு பெருக்கினால் வருவது.

கோடேன்ஜென்ட் பட்டியலைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 30 பாகைக்கு 1.73. 60க்கு 0.58. 90க்கு பூஜ்யம். அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கத்தில் குழாயே இல்லை. அதன் வழியாகச் சொட்டு நீர் போகாது. 90ஐத் தாண்டினால்? 120 பாகைக்குக் கழித்தல் 0.58.

கழித்தல் பருமனுள்ள குழாய் என்றால் என்ன அர்த்தம்? தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஓடும் என்று அர்த்தம். நீங்கள் ஒரு போரில் நீரை இறைக்க, பக்கத்து முனையில் நீர்மட்டம் ஏறும். மென்பொருளில் பிழை எதுவும் இல்லை, பாறையிலும் இல்லை. வரைந்த முக்கோணத்தில் ஒரு கோணம் விரிந்துவிட்டது, அவ்வளவுதான். மொத்த நீர்க்கணக்கு மட்டும் கச்சிதமாக நேராகும். அதனால்தான் இந்தத் தப்பு லேசில் கண்ணில் படாது.

ஆனால் பயப்பட வேண்டாம். வலையின் உள்ளே ஒவ்வொரு பக்கமும் இரண்டு முக்கோணங்களுக்குச் சொந்தம். இருபுறமும் இரண்டு எதிர்க்கோணங்கள். இரண்டின் கோடேன்ஜென்ட்டும் கூட்டினால் வருவதுதான் நிஜக் குழாய். ஒரு பக்கம் 100 பாகை இருந்தாலும் மறுபக்கம் 50 இருந்தால் கூட்டுத்தொகை தப்பித்துவிடும். எல்லை எங்கே என்று பார்த்தால், இரண்டு கோணங்களும் சேர்ந்து 180. அதற்குள் இருந்தால் தண்ணீர் ஒழுங்காகப் பள்ளத்துக்கு ஓடும். தாண்டினால் மேட்டுக்கு ஏறும்.

180 என்றதும் ஏதாவது ஞாபகம் வருகிறதா? வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள் மிகைநிரப்பிகள் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து ஒரு நாற்கரம். நான்கு முனைகளும் ஒரே வட்டத்தில் விழுந்தால் எதிர்க்கோணங்கள் சரியாக 180. நடுவில் இருக்கும் மூலைவிட்டத்தின் குழாய் பூஜ்யம். ஒரு முனை வட்டத்துக்கு உள்ளே நழுவினால் 180ஐத் தாண்டும். எந்த முக்கோணத்தின் சுற்றுவட்டத்துக்குள்ளும் வேறொரு முனை இருக்கக் கூடாது என்ற விதியை 1934இல் எழுதியவர் போரிஸ் டெலோனே என்ற ரஷ்யக் கணித மேதை. மலையேறியும்கூட. அவர் போர்வெல்லை நினைத்து எழுதவில்லை, சுத்தமான வடிவியல். அதே விதிதான் நிலத்தடியில் தண்ணீர் தலைகீழாக ஓடாமல் காப்பது என்று முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று, எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தப்பைத் திருத்தும் வழி இன்னும் அழகு. மூலைவிட்டத்தைத் தூக்கி மற்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் போடுங்கள். நாற்கரத்தின் நான்கு கோணங்களும் சேர்ந்து 360. ஒரு ஜோடி 180ஐத் தாண்டியிருந்தால் மற்ற ஜோடி 180க்குள் அடங்கியே ஆக வேண்டும். ஆகவே திருப்பிப் போட்ட உடனே கணக்கு சரியாகிவிடும், எப்போதும். மென்பொருளில் இது ஒரே ஒரு சொடுக்கு.

வாசகரின் கடுகுக் கேள்விக்குப் பதிலும் இதே கோடேன்ஜென்ட்டிலிருந்துதான் வருகிறது. போர் இருக்கும் முனையைச் சுற்றி ஆறு சமபக்க முக்கோணங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு குழாய்கள், ஒவ்வொன்றும் 0.58. இந்த ஆறு குழாயும் சேர்ந்து, நிஜக் கிணற்றைச் சுற்றி வட்டமாக வந்து சேரும் ஓட்டத்துக்குச் சமமாக வேண்டுமென்றால், முக்கோணத்தின் பக்கம் கிணற்றின் ஆரத்தைப் போல 6.13 மடங்கு இருக்க வேண்டும். ஆறரை அங்குல போருக்கு ஆரம் சுமார் 8 சென்டிமீட்டர்; முக்கோணத்தின் பக்கம் அரை மீட்டர். சோம்பல்பட்டு அங்கே 50 மீட்டர் முக்கோணத்தை வைத்தால், உங்களிடம் 16 மீட்டர் அகலக் கிணறு இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். கோயில் தெப்பக்குளத்திலிருந்து இறைப்பது மாதிரி நீர்மட்டம் நாசூக்காக இறங்கும். செயலாளர் மகிழ்ந்துபோய் மோட்டாருக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்.

அதனால் போர் பக்கத்தில் கடுகு. ஆனால் ஊர் முழுக்க அரை மீட்டர் போட்டால் கோடிக்கணக்கில் முக்கோணம் வரும். மாடலைக் கணினியில் ஓட்டும் ஒவ்வொரு முறையும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனவே தள்ளிப் போகப் போகப் பெரிதாக்குகிறோம். இந்தப் பெரிதாக்கும் இடத்தில்தான் விரிகோணம் முளைக்கும். ஒரு முக்கோணத்தை நான்காக உடைத்தால் பக்கத்து முக்கோணத்தின் விளிம்பு நடுவில் ஒரு முனை அநாதையாகத் தொங்கும். அதைக் கட்டிப்போட அந்தப் பக்கத்து முக்கோணத்தை இரண்டாக வெட்டுவார்கள். நடுப்புள்ளியில் உருவாகும் இரண்டு கோணங்களும் சேர்ந்து 180. இரண்டும் அச்சாக 90 ஆனாலொழிய, ஒன்று விரிகோணமாகியே தீரும்.

அதனால் மாடலை ஓட்டுவதற்கு முன் வலையைத் தணிக்கை செய்வது வழக்கம். 90ஐத் தாண்டியவை எத்தனை சதவீதம், 120ஐத் தாண்டியவை எத்தனை, டெலோனே விதியை மீறியவை எத்தனை என்று மென்பொருளே சொல்லும். அவற்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றாகச் சொடுக்கலாம், பெட்டி இழுத்துப் பிடிக்கலாம், ஏரியின் எல்லைக்கோட்டை ஏற்றி அதற்குள் இருப்பதையெல்லாம் பிடிக்கலாம், "இந்த மதிப்புக்கு மேல் இருப்பவை" என்று நிபந்தனை போட்டும் அள்ளலாம்.

இந்தத் தேர்வு வேலையில் நான் சூடுபட்டவன். பல வருஷம் முன்பு ஒரு மாடலில், மேல் அடுக்கில் மட்டும் சிதைந்த பாறைக்கு நாளுக்கு ஒரு மீட்டர் என்று கடத்துதிறன் கொடுக்க வேண்டியிருந்தது. பெட்டி இழுத்தேன், எண்ணை அடித்தேன், மூடினேன். பெட்டி அடியில் இருக்கும் எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடித்திருந்தது. கருங்கல்லுக்கும் ஒரு மீட்டர். முடிவு பிரமாதமாக வந்தது. எத்தனை இறைத்தாலும் நீர்மட்டம் அசையவில்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, கல்லுக்குள்ள காவிரி ஓடுதா?" என்றார். அன்றிலிருந்து எத்தனை முக்கோணம் தேர்வாகியிருக்கிறது என்று திரையின் ஓரத்தில் வரும் எண்ணைப் பார்க்காமல் எதையும் அடிப்பதில்லை.

தேங்காய்க்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. தம் கை அசைவது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் சிதைந்த பாறையில் எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஈரம் வரும் ஊரில், பலித்த தேங்காயைத் தெருவே பேசும். பலிக்காததற்கு ரிக் வாடகை மட்டும் மிஞ்சும். அதற்காக முக்கோணத்தைக் கும்பிடவும் வேண்டாம். மாடலைச் சரிபார்க்க நிஜக் கிணறுகளில் அளந்த நீர்மட்டம் வேண்டும். அது நம்மிடம் சொற்பம். வறண்டு போகும் ஒரு போருக்கு நாம் கொட்டும் பணத்தில், ஒரு பழைய போரில் அளவுமானியை இறக்கிப் பல வருஷம் அளக்கலாம். அரசு மோட்டாருக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அல்சூர் படத்துக்கு வருகிறேன். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்தேன். ராஜகாலுவே ஓரமாக ஓர் இடத்தில் சம நீர்மட்டக் கோடு ஒன்று குட்டி வளையமாக மூடிக்கொண்டிருந்தது. சுற்றி இருக்கும் எல்லா முனைகளையும்விட அங்கே 30 சென்டிமீட்டர் உயரம். மழையே சேர்க்காத கணக்கு, அங்கே ஏரியும் இல்லை. பக்கத்தில் ஓர் ஒல்லி முக்கோணம். அளந்தேன்: இந்தப் பக்கம் 131 பாகை, அந்தப் பக்கம் 63. கூட்டினால் 194.

திருப்பிப் போடலாம் என்றால் முடியாது. அந்த மூலைவிட்டம் ராஜகாலுவேயின் கோடு. திருப்பினால் கால்வாய் நடுவில் அறுந்து போகும். கால்வாய், பாறை வெடிப்பு, இரண்டு பாறைகள் சந்திக்கும் எல்லை, இவற்றின் மீது விழும் பக்கங்களைத் தொடக் கூடாது. அங்கே கோட்டின் மேலேயே புதிதாக ஒரு முனையைச் சேர்த்து, சுற்றியிருப்பதை மறுபடி வெட்ட வேண்டும். இதை எழுதி ஆலோசகரிடம் காட்டச் சொன்னேன்.

நேற்று பதில் வந்தது. ஆலோசகர் முனையைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்த்திருக்கிறார். குட்டி வளையம் போய்விட்டதாம். போரில் நீர்மட்டம் மாறியது 4 சென்டிமீட்டர். போர் போடச் சொன்ன இடம் மாறவில்லை. "பாகைமானி வைத்து அளந்தது யார்?" என்று மட்டும் கேட்டாராம்.