தீக்குப் பயந்து நிரப்பிய நஞ்சு

தெருமுனையில் இரட்டைக் கம்பத்தின் மேல் நிற்கும் டிரான்ஸ்பார்மரின் அடியில் மண் கருத்துப்போயிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். தொட்டியின் மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் என்ற பட்டை வறண்டு வெடித்து, அல்லது அடி வால்வு தளர்ந்து, ஆண்டுக்கணக்கில் சொட்டிய எண்ணெய் ஊறிய இடம் அது. அந்த எண்ணெய் எது என்பதைப் பொறுத்துத்தான் அதனால் விளையும் கேடும் அமைகிறது. சில எண்ணெய்களை மண்ணே காலப்போக்கில் தின்றுவிடும். சிலவற்றை மூன்று தலைமுறை ஆனாலும் எதுவும் தின்னாது.

டிரான்ஸ்பார்மருக்குள் இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகமும், அதைச் சுற்றிக் காகிதம் போர்த்திய செம்பு அல்லது அலுமினியக் கம்பிச் சுருள்களும் இருக்கின்றன. இவை அனைத்தும் எண்ணெயில் மூழ்கியிருக்கும். எண்ணெய்க்கு இரண்டு வேலைகள். முதலாவது, மின்சாரம் தாவாமல் தடுப்பது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். புதிய டிரான்ஸ்பார்மர் எண்ணெயோ 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் குறைந்தது 30,000 வோல்ட்டைத் தாங்க வேண்டும் என்று தரவிதி கேட்கிறது. ஈரம் போக்கி வடிகட்டினால் 70,000 வோல்ட்டையும் தாங்கும். இரண்டாவது வேலை, சூட்டை வெளியேற்றுவது. சுருளில் பிறக்கும் வெப்பத்தை ஏற்று எண்ணெய் மேலெழும்; தொட்டியின் பக்கங்களில் உள்ள குழாய்களின் வழியே குளிர்ந்து கீழிறங்கி மீண்டும் சுருளுக்கு வரும். கிராமத்துத் தெருவில் உள்ள சிறிய டிரான்ஸ்பார்மருக்கு நூறு லிட்டர் அளவில் போதும். துணை மின் நிலையங்களில் உள்ள பெரியவற்றுக்குப் பல்லாயிரம் லிட்டர் வேண்டும்.

வழக்கமாக நிரப்பப்படுவது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுத்த கனிம எண்ணெய். மலிவானது, நன்றாக வேலை செய்யக்கூடியது. ஆனால் எரியும். ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸில் தீப்பிடித்துத் தொடர்ந்து எரியக்கூடியது. உள்ளே மின்காப்பு பழுதாகி மின்பொறி விழுந்தால், எண்ணெய் சிதைந்து ஹைட்ரஜன், அசெட்டிலின் போன்ற வாயுக்கள் நொடியில் பெருகும். அழுத்தம் தாளாமல் தொட்டி கிழிந்தால், சூடான எண்ணெய் தெறித்துப் பற்றிக்கொள்ளும். திறந்தவெளியில் இதைச் சமாளிக்கலாம். மருத்துவமனையின் அடித்தளத்திலோ அடுக்குமாடி அலுவலகத்திலோ எப்படிச் சமாளிப்பது?

எரியாத திரவம் ஒன்று வேண்டும் என்ற இந்தத் தேவையிலிருந்துதான் பெரிய தவறு பிறந்தது. 1929-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஆனிஸ்டன் நகரில், பாலிகுளோரினேட்டட் பைபீனைல் என்ற பொருளின் வணிக உற்பத்தி தொடங்கியது. சுருக்கமாக பி.சி.பி. பின்னர் அந்த ஆலை மான்சான்டோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. இரண்டு பென்சீன் வளையங்களை இணைத்து, அவற்றின் விளிம்புகளில் ஒன்று முதல் பத்து வரை குளோரின் அணுக்களைப் பொருத்தினால் பி.சி.பி. கிடைக்கும். குளோரின் எத்தனை, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து மொத்தம் 209 வகைகள் உண்டு. அமிலம், காரம், சூடு எதற்கும் அசையாது, எளிதில் தீப்பிடிக்காது, மின்சாரத்தையும் தடுக்கும். மின்பொறியாளர்கள் விரும்பிக் கேட்ட அத்தனையும் ஒரே திரவத்தில் இருந்தன. அரை நூற்றாண்டில் உலகம் 10 லட்சம் டன்னுக்கும் மேல் தயாரித்துவிட்டது.

எதற்கும் அசையாத பொருள் நுண்ணுயிரிகளுக்கும் அசையாது, நம் ஈரலுக்கும் அசையாது. நீரில் கரையாமல் கொழுப்பில் கரைவதால் உடலுக்குள் புகுந்தது வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் போகப்போகச் செறிவு ஏறுகிறது. சுவீடனின் வேதியியலாளர் சோரன் ஜென்சன் 1960-களில் உயிரினங்களில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அடையாளம் தெரியாத வேறு ஏதோ ஒன்று எல்லா மாதிரிகளிலும் தலைகாட்டியது. கடைசியில் அது பி.சி.பி. என்று கண்டார். மீனில் இருந்தது, கழுகில் இருந்தது, அவருடைய மனைவியின் தலைமுடியிலும் கைக்குழந்தையின் முடியிலும் இருந்தது. 1966-இல் இதை அவர் வெளியிட்டார். 1968-இல் மேற்கு ஜப்பானில், தவிட்டெண்ணெய் ஆலை ஒன்றில் சூடேற்றும் குழாய்களில் ஓடிய பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயில் கலந்தது. உண்டவர்களுக்கு உடலெங்கும் கொப்புளங்கள். கருவுற்றிருந்த தாய்மாருக்குத் தோல் கருத்த குழந்தைகள் பிறந்தன. 1979-இல் தைவானிலும் அதே போன்ற கொடுமை நிகழ்ந்தது.

டிரான்ஸ்பார்மரைப் பொறுத்தவரை, நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் நடந்ததைப் போல உண்மையை வெளிச்சமிட்டுக் காட்டும் நிகழ்வு வேறில்லை. அங்கே 18 மாடி அரசு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், தீவிபத்து நேரக் கூடாதே என்றுதான் பி.சி.பி. நிரப்பிய டிரான்ஸ்பார்மரை வைத்திருந்தார்கள். 1981 பிப்ரவரி 5 அதிகாலையில் பக்கத்தில் இருந்த மின் இணைப்புப் பெட்டியில் தீப்பற்றியது. அந்தச் சூட்டில் டிரான்ஸ்பார்மரின் பீங்கான் காப்பு விரிசல் விட, சுமார் 700 லிட்டர் திரவம் வெளியே வந்தது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பி.சி.பி.; மீதி குளோரின் ஏற்றிய பென்சீன்.

பி.சி.பி. எரியாது என்பது சரிதான். ஆனால் எரிந்துகொண்டிருக்கும் வேறொன்றின் சூட்டில் அது அரைகுறையாகச் சிதையும். அப்படிச் சிதையும்போது மூலக்கூறுக்குள் ஆக்சிஜன் புகுந்து பியூரான்கள் உருவாகின்றன. குளோரின் ஏறிய பென்சீனிலிருந்து டையாக்சின்கள் உருவாகின்றன. இரண்டும் பி.சி.பி.யைக் காட்டிலும் மிகக் கொடிய நஞ்சுகள். இவற்றைச் சுமந்த கரி, கட்டடத்தின் காற்றோட்டப் பாதைகள் வழியே 18 மாடிகளுக்கும் ஏறியது. மேசை இழுப்பறைக்குள், மேற்கூரைத் தகடுகளின் பின்னால், பூட்டிய அலமாரிகளுக்குள் எல்லாம் படிந்தது. தீ சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது. கட்டடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து மீண்டும் திறக்க 1994 ஆனது. கட்டுவதற்கு ஆன செலவைவிடச் சுத்தம் செய்ய ஆன செலவு மிக அதிகம். அந்தக் கட்டடத்தில் எரிந்து போனது மிகக் குறைவு என்பதை நினைக்கும்போது மனம் பதறுகிறது.

அதற்குள் அமெரிக்கா 1979-இல் பி.சி.பி. உற்பத்தியைத் தடை செய்திருந்தது. எளிதில் சிதையாத நஞ்சுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, கருவிகளில் பி.சி.பி. பயன்பாட்டை 2025-க்குள் நிறுத்தவும், கழிவுகளை 2028-க்குள் பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும் சொல்கிறது. இந்தியா 2016-இல் இதற்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. ஆனால் தடை வந்ததும் பழைய டிரான்ஸ்பார்மர்கள் மறைந்துவிடவில்லை. டிரான்ஸ்பார்மர் முப்பது, நாற்பது ஆண்டுகள் சளைக்காமல் உழைக்கும் கருவி.

இதைவிடச் சிக்கலான விஷயம் கலப்படம். எண்ணெயில் ஈரமும் கசடும் சேர்ந்தால், வண்டியில் கொண்டுவரும் வடிகட்டும் இயந்திரத்தில் அதைச் சுற்றவிட்டுத் தூய்மையாக்குவார்கள். அந்த இயந்திரம் முந்தைய நாள் பி.சி.பி. இருந்த டிரான்ஸ்பார்மரில் வேலை செய்திருந்தால், குழாயிலும் பம்பிலும் ஒட்டியிருந்த மிச்சம் இன்று கனிம எண்ணெயில் கலக்கும். பி.சி.பி. என்று ஒருபோதும் வாங்காத ஊரில்கூட இப்படித்தான் அது பரவியது. பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே மாசுபட்ட எண்ணெயாகக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவை நிறத்திலோ மணத்திலோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனைதான் வழி. அந்தச் சோதனை நடக்காமல் பழைய எண்ணெய் ஏலத்துக்குப் போகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. காயலான் கடைக்குப் போய்விட்டால், அது செங்கல் சூளையில் எரிகிறதா, மரத்துக்குப் பூசப்படுகிறதா என்று யாராலும் தொடர முடியாது. பி.சி.பி.யை முழுதாக அழிக்க 1,100 டிகிரிக்கும் மேலான உலை வேண்டும். அதற்குக் குறைந்த சூட்டில் எரித்தால் பிங்காம்டனில் நடந்ததே நடக்கும்.

கலப்படமில்லாத கனிம எண்ணெயும் தீங்கற்றது அல்ல. தமிழ்நாட்டில் செம்புக் கம்பிக்காக வயல்வெளி டிரான்ஸ்பார்மர்களை உடைக்கும் திருடர்கள் முதலில் செய்வது, எண்ணெயை மண்ணில் கொட்டுவதுதான். அது மண்துகள்களைப் போர்த்தி, நீரையும் காற்றையும் வேருக்குப் போகவிடாது. நீரைவிட இலேசானது என்பதால், குளத்திலோ கிணற்றிலோ விழுந்தால் மேலே படலமாக மிதக்கும். படலத்தைக் கண்ணால் பார்த்து வழித்தெடுக்கவாவது முடியும். செறிந்த பி.சி.பி. திரவம் நீரைவிட அதிக எடை கொண்டது. நிலத்தடி நீரையும் கடந்து அடியில் உள்ள பாறை இடுக்குகளில் போய்த் தங்கும். அங்கிருந்து அதை எடுப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

இப்போது சோயா, கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீடு போன்ற வித்துகளிலிருந்து எடுத்த தாவர எண்ணெய்களை நிரப்பும் டிரான்ஸ்பார்மர்கள் வந்திருக்கின்றன. 300 டிகிரியைத் தாண்டினால்தான் இவை எரியும். மண்ணில் உள்ள நுண்ணுயிரிகள் சில வாரங்களிலேயே சிதைத்துவிடும். ஈரத்தைத் தாமே அதிகம் ஏற்பதால், காகிதக் காப்பும் நெடுநாள் கெடாமல் நிற்கிறது. ஆயினும் காற்று பட்டால் இவை மெல்லக் கெட்டித்துப்போகும். ஆகவே தொட்டி காற்றுப்புகாதபடி மூடியிருக்க வேண்டும். குளத்தில் பெருமளவு கொட்டினால் நுண்ணுயிரிகள் அதைத் தின்னும் வேகத்தில் நீரிலுள்ள ஆக்சிஜனும் தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஜல்லி நிரப்பிய எண்ணெய்க் குழி தேவைதான்.

பழைய பி.சி.பி. டிரான்ஸ்பார்மரிலேயே புதிய எண்ணெயை ஊற்றிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உள்ளே உள்ள காகிதமும் மரக்கட்டைகளும் பல ஆண்டுகள் பி.சி.பி.யில் ஊறியவை. புதிய எண்ணெய்க்குள் அது மெல்ல மெல்ல மீண்டும் கசிந்து வரும். அமெரிக்க விதியின்படி, எண்ணெய் மாற்றிய டிரான்ஸ்பார்மரைக் குறைந்தது 90 நாள் மின்சுமையோடு இயக்கிய பிறகுதான் மறுபடி மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறினால்தான் அதன் மீதுள்ள எச்சரிக்கைப் பலகையைக் கழற்றலாம்.