ஹார்பர் மாஸ்டர் சொன்னால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோணி உரிமையாளர் மதுரையில் என் அலுவலகத்துக்கு ஒரு பில்லோடு வந்தார். இழுவைப் படகு வாடகை, ஆள் கூலி, காவல் கூலி என்று பக்கம் நிறையக் கணக்கு. "அபராதம்னா கட்டிட்டுப் போயிருப்பேன் சார், இது லட்சத்துல நிக்குதே" என்றார்.

தென்கடற்கரையில் ஒரு துறைமுகத்தில் அவருடைய தோணி பாதிச் சரக்கோடு நின்றிருக்கிறது. உள்ளே வரவேண்டிய கப்பலுக்கு இடம் வேண்டும், தோணியைத் தள்ளிக் கட்டுங்கள் என்று, துறைமுகத்துக்குள் கப்பல்களின் போக்குவரத்தைக் கவனிக்கும் ஹார்பர் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். முதலாளி சொன்னால்தான் அவிழ்ப்பேன் என்றிருக்கிறார் தோணியை ஓட்டும் தண்டல். முதலாளியோ இங்கே ஒரு கல்யாண வீட்டில், போனை எடுக்கவில்லை. கடைசியில் துறைமுகமே ஆள் வைத்துத் தோணியை நகர்த்திவிட்டது.

"அண்ணாச்சி, சட்டம் அவங்க பக்கம்" என்றுதான் சொல்ல முடிந்தது. 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொன்னது. துறைமுக எல்லைக்குள் இருக்கும் எந்தக் கலத்துக்கும், துறைமுக விதிகளை நடைமுறைப்படுத்த, கன்சர்வேட்டர், அதாவது துறைமுகப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி, உத்தரவிடலாம். தகுந்த காரணமின்றி வேண்டுமென்றே மறுத்தால் அபராதம் உண்டு. அபராதத்தைவிடப் பெரியது அடுத்த வரி: அந்த வேலையைத் தானே ஆள் வைத்து முடித்து, நியாயமான செலவை மறுத்தவரிடமே வசூலிக்கலாம். பலர் அபராதத்தை மட்டும் மனதில் வைத்து முறைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது; கன்சர்வேட்டர் பதவி அதிலும் இருக்கிறது.

கன்சர்வேட்டர் யார் என்ற குழப்பம் அடிக்கடி வரும். பழைய சட்டப்படி, துறைமுக அதிகாரி இருக்கும் இடத்தில் அவர்தான் கன்சர்வேட்டர். அவர் இல்லாத இடத்தில் ஹார்பர் மாஸ்டர். இருவரும் இருந்தால் ஹார்பர் மாஸ்டர் கன்சர்வேட்டருக்குக் கீழே. இந்த வரிசையைக் கரையில் நின்று தண்டல் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். சொன்னவர் பெயர், பதவி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஆட்சேபம் இருந்தால் அதையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, தோணியை நகர்த்த வேண்டும்.

அவசரம் என்றால் இன்னும் கடுமை. மற்றக் கலங்களுக்கு ஆபத்தாக இருக்கும் கயிற்றையோ சங்கிலியையோ வெட்டிவிடவே 9-ஆம் பிரிவு அனுமதித்தது. முதல் முறை படித்தபோது எனக்கே அதிகப்படியாகத்தான் தோன்றியது. ஒரு புயல் நாளில் துறைமுகத்துக்குள் நின்று பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தியில் கேட்கிறோம். எண் ஏற ஏற, பெரிய கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்வார்கள். புயலில் கப்பலைக் கடலுக்கு அனுப்புவதா என்று கேட்காதவர் இல்லை. கட்டி நிற்கும் கப்பல் அலையில் மேடைச் சுவரில் மோதி மோதித் தானும் உடையும், சுவரையும் உடைக்கும். கயிறு அறுந்தால் பக்கத்துக் கப்பல் மேல் போய் விழும். விரிந்த கடலில் இன்ஜினை ஓட்டிக்கொண்டு அலைக்கு முகம் கொடுத்துத் தாக்குப்பிடிக்கலாம். ஆனால் ஓட முடியாத கப்பலுக்குக் கடலும் பாதுகாப்பில்லை. 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயலின்போது சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டுக் கரை தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் இறந்தார்கள். உத்தரவு வரும்போதே எரிபொருளும் ஆட்களும் தயாராக இல்லாவிட்டால் உத்தரவால் பயன் இல்லை. இதை ஒவ்வொரு கப்பல் உரிமையாளரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறிவிட்டார், இனி பொறுப்பு அவருடையது என்று நினைப்பதும் தவறு. பைலட்டோடுதான் வரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திய கப்பலாக இருந்தாலும், அது ஏற்படுத்தும் சேதத்துக்கு உரிமையாளரும் கேப்டனும்தான் பதில் சொல்ல வேண்டும். பழைய சட்டத்தின் 31-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொன்னது.

மதுரையிலிருந்து சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. உத்தரவுப்படி கப்பல் வெளியேறிவிட்டால் உங்கள் கன்டெய்னர் ஒரு வாரம் தாமதமாகலாம். வழக்கமான கார்கோ இன்சூரன்ஸ், தாமதத்தால் வரும் நஷ்டத்தைத் தராது, தாமதத்துக்குப் புயலே காரணமாக இருந்தாலும். மழைக்காலத்தில் கெடு வைத்து ஆர்டர் வாங்கும் முன் வாங்குபவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

சரி, அண்ணாச்சியின் பில். 'நியாயமான செலவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தோம். தோணியை நகர்த்தி முடித்த பிறகும் நான்கு நாள் காவல் கூலி போட்டிருந்தார்கள். எழுத்தில் ஆட்சேபித்தோம், அதை நீக்கினார்கள். மீதியைக் கட்டிவிட்டார். கட்டாமல், துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதற்கான அனுமதியான போர்ட் கிளியரன்ஸ் கிடைக்காது, தோணியில் வெங்காயம் இருந்தது.