சாஸ்திரி ராஜதந்திரியா?

சென்ற அக்டோபர் 2 அன்று ஒரு கூட்டத்தில் லால் பகதூர் சாஸ்திரியைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார். அவர் 'ஸ்டேட்ஸ்மேன்' என்று சொன்னபோதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் 'ராஜதந்திரி' என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த பாட்டி என்னிடம் கேட்டார்: "நல்ல மனுசன்னுதானே சொல்வாங்க, அவர் என்னப்பா தந்திரம் பண்ணினார்?"

சரியான கேள்வி.

ஸ்டேட் என்றால் நாடு, அரசு. 'நிலை' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அரசுக் காரியங்களை நடத்துபவர் ஸ்டேட்ஸ்மேன். கட்சியையும் தேர்தலையும் தாண்டி நாட்டை நினைப்பவர் என்ற மதிப்பு பிறகு சேர்ந்தது.

வடமொழியில் தந்திரம் என்பதற்குத் தறி, நூல், ஆட்சிமுறை என்றெல்லாம் பொருள் உண்டு. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றுதான் பெயர். ஆனால் இன்று தந்திரம் என்றதும் நமக்கு நினைவு வருவது நரி. 'தந்திரமாப் பேசி எழுதி வாங்கிட்டான்' என்று யாரையும் பாராட்டுவதில்லை. அதோடு இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. வெளியுறவுச் செய்திகளில் 'ராஜதந்திர உறவு' என்கிறோம். இலங்கைப் பத்திரிகைகளில் தூதரக அதிகாரிகள்தான் இராஜதந்திரிகள். தூதருக்கும் தேசத் தலைவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்? 'அரசியல் மேதை' என்பார்கள் சிலர். அது மூளையை மட்டும்தான் சொல்கிறது.

1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்தின்போதும் கொடுத்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. இம்முறை ஏற்றவர், விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பு என்பதால் அல்ல, முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்புறம் பிரதமராகி, 1966 ஜனவரி 11 அன்று தாஷ்கண்டில் இறந்தபோது, ஃபியட் கார் வாங்கிய கடன் பாக்கி இருந்தது. மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து அடைத்தார்.

இதில் தந்திரம் எங்கே இருக்கிறது? இருப்பது நாண், அதாவது பழிக்குக் கூசும் குணம். சான்றாண்மையைத் தாங்கும் ஐந்து தூண்களை 'அன்புநாண் ஒப்புரவு கண்ணோட்டம் வாய்மை' என்று அடுக்கிய வள்ளுவர், அன்புக்கு அடுத்து வைத்தது அதைத்தான். சால் என்றால் நிறைதல். சான்றோர், பண்பால் நிறைந்தவர். ஆகவே 'அரசியல் சான்றோர்' என்று சொல்லுங்கள். அப்படி ஒருவர் இன்று வரமாட்டாரா என்று நானும் ஏங்குகிறேன். ஆனால் விபத்து நடந்த மறுநாள் பொறுப்பைக் கீழே தள்ளிவிடும் சாமர்த்தியசாலியையும் தொலைக்காட்சி ராஜதந்திரி என்றே சொல்கிறது. அரியலூருக்காகப் பதவியை விட்டவருக்கும் அதே பெயரா?

கூட்டம் முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். 'நீளமா இருக்கே' என்றார். எண்ணிப் பார்த்தேன், மூன்றெழுத்துதான் கூடுதல்.