அடுத்த ஈற்றில் நல்ல கன்று போட்டால் வருத்தம் போய்விட்டதா?

போன கிழமை வெருகல் பக்கத்தில் ஒரு பட்டிக்குப் போனேன். எழுபது, எண்பது மாடு நிற்கும். இரண்டு மாதத்துக்குள் நாலு மாட்டுக்குக் கரு அழிந்திருக்கிறது, எல்லாம் ஏழு எட்டு மாதச் சினை. மாட்டு வைத்தியரான எனக்கு அழைப்பு வந்தது நாலாவதுக்குத்தான். முதல் மூன்றுக்கும் வெயில், கண்ணூறு, யானை துரத்தியது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.

விழுந்த கன்றைப் பட்டிக்கார அண்ணன் வேலிக்கு அப்பால் எறிந்திருந்தார். நாய்கள் மிச்சம் வைக்கவில்லை. விழாமல் நின்ற இளங்கொடியை அவருடைய மகன் வெறுங்கையால் இழுத்து எடுத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு இப்போது ஒரு மாதமாகக் காய்ச்சல். டெங்கு பார்த்தார்கள், எலிக்காய்ச்சல் பார்த்தார்கள், நெருப்புக் காய்ச்சலும் பார்த்தார்கள். வீட்டில் மாடு இருக்கிறதா என்று வைத்தியசாலையில் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

மாட்டில் கருவை அழித்து, மாட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றிக் காய்ச்சலாக வரும் இந்த நோயின் பெயர் புருசெல்லோசிஸ். 1887இல் மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமி இனத்தில் ஒன்றை டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் கண்டுபிடித்தார். அது ஆட்டுப் பாலில் வருகிறது என்று தெரிய இன்னும் 18 வருடம் எடுத்தது. நூறு வருடத்துக்கு மேல் தெரிந்த விஷயத்தைத்தான் நான் இன்னமும் பட்டி பட்டியாகச் சொல்லித் திரிகிறேன்.

எனக்கு மிகவும் கோபம் வரும் பேச்சு ஒன்று உண்டு. “போன வருசம் இந்த மாட்டுக்கும் அழிஞ்சதுதான் டொக்டர். நாட்டு மருந்து குடுத்தம், இந்த முறை வடிவான கன்று போட்டிருக்கு. வருத்தம் போயிட்டுது.”

போகவில்லை. இந்தக் கிருமி பிடித்த மாடு பெரும்பாலும் ஒருமுறைதான் கரு அழியும். அடுத்த ஈற்றில் மாதம் நிரம்பி, கன்று உயிரோடு விழும். மருந்து கொடுத்தாலும் அப்படித்தான், கொடுக்காவிட்டாலும் அப்படித்தான். நேர்த்தி வைத்தவருக்குச் சாமியில் நம்பிக்கை கூடும், நூல் கட்டியவருக்குக் கூலி கிடைக்கும், கிருமி மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் சுகமாக இருக்கும். அந்த மாடு ஒவ்வொரு முறை கன்று போடும்போதும் பனிக்குடத் தண்ணீரிலும் இளங்கொடியிலும் கோடிக்கணக்கில் கிருமியை நிலத்தில் கொட்டும். பாலிலும் விடும். பக்கத்து நாகு அந்தப் புல்லை நக்கும், மூன்று மாதம் கழித்து அதற்கு அழியும். அழிந்த மாட்டைவிட, அழிந்து பிறகு நன்றாகப் போட்ட மாட்டுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அதை யாரும் சந்தேகப்படுவதில்லை, நல்ல விலைக்கும் போகும். கந்தளாயில் விற்ற மாடு கிண்ணியாவில் இன்னொரு பட்டியைக் கெடுப்பது இப்படித்தான். மாட்டை லொறியில் ஏற்ற அனுமதிப்பத்திரமும் சுகாதாரச் சான்றும் கேட்பது உங்களை அலைக்கழிக்க அல்ல என்று எத்தனை தரம் சொல்வது?

சந்தேகம் என்றால் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ரோசா நிற மருந்துத் துளியில் மாட்டின் சீரத்தைக் கலந்தால், நோய் உள்ளதில் நாலு நிமிடத்துக்குள் திரிந்த பால்போலக் குருணை கட்டும். பிடித்த மாட்டைக் குணமாக்க நடைமுறையில் மருந்தில்லை, மந்தையிலிருந்து விலக்கத்தான் வேண்டும். “அந்தக் காசை யார் தாறது?” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை.

தடுப்பூசி இருக்கிறது. ஆனால் கரு அழிந்த மாட்டைக் காட்டி “இதுக்கு அந்த ஊசியைப் போட்டு விடுங்கோ” என்று கேட்காதீர்கள். எஸ்19 என்ற இந்தத் தடுப்பூசி, வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கருவை அழித்துவிடும். நாலு மாதம் தாண்டி எட்டு மாதத்துக்குள் இருக்கும் நாகுக் கன்றுகளுக்கு மட்டும்தான் அதைப் போடுகிறோம், வாழ்நாளில் ஒருமுறை. நாம்பனுக்குக் கிடையாது. திணைக்களத்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் அந்தக் கன்றுகளைத்தான் பற்றைக்குள் ஒளிக்கிறீர்கள், ஊசி போட்டால் பால் குறையுமாம். ஆறு மாதக் கன்றில் எந்தப் பால் குறையும்?

இன்னொன்று, ஒரு குப்பியில் பல கன்றுக்கு மருந்து இருக்கும். கலக்கினால் அப்போதே போட்டு முடிக்க வேண்டும், பின்னேரம் வரை வைக்க முடியாது. ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தால் மிச்சத்தை வீசுவதுதான் வழி. (கலக்கும்போது ஊசி என் கையில் குத்தினால் எனக்கே காய்ச்சல் வரும். நாங்கள் கையுறையோடு நிற்பது பகட்டுக்கல்ல.) போட்ட கன்றின் காதில் அடையாளம் வைப்போம். அதைக் கழற்றாதீர்கள். பிறகு இரத்தச் சோதனையில் தடுப்பூசியால் வந்ததா, நோயால் வந்ததா என்ற குழப்பம் வரும்.

கரு அழிந்த இடத்துக்கு மற்ற மாட்டை விடாதீர்கள். கன்றையும் இளங்கொடியையும் கையுறை போட்டு, இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, இடுப்பளவு குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதையுங்கள். முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள், புதைப்பதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். பிள்ளைத்தாச்சிப் பெண்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். தயிருக்குப் பால் காய்ச்சித்தான் உறை விடுகிறோம், அதில் பயமில்லை. பட்டியடியில் கறந்த சூட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைதான் வினை. கறந்த சூடு கிருமிக்கும் இதமான சூடு.

விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு வலி, நாரி நோவு என்றால் வைத்தியரிடம் “நாங்கள் மாட்டுக்காரர், கரு அழிந்த மாட்டைத் தொட்டோம்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். தயவுசெய்து சொல்லுங்கள். ஆறு கிழமைக்கு மாத்திரை தருவார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அதே பட்டிக்கு மறுபடி போகிறோம். எட்டு மாதத்துக்குக் கீழே பதினொரு நாகுக் கன்று எண்ணி வைத்திருக்கிறேன், நாங்கள் வரும்வரை பட்டியை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பையனின் கையில் கொடுக்க வைத்தியசாலைக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன்.